துணைக் கட்டில்

முன்கனவு இயந்திரம் முதன்முதலில் கப்பலில் வந்து இறங்கியபோது அதில் ஒரே ஒரு கட்டில்தான் இருந்ததாம். இரண்டாவது கட்டிலைச் சேர்த்தது நம் ஊர்க்காரர்கள். பதினெட்டு வயதுப் பெண்ணைத் தனி அறையில் படுக்கவைத்து, தலையில் ஒயரை மாட்டி, நாற்பது நிமிடம் கழித்து வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? முதல் மாதம் நிலையங்களின் வாசலில் பெற்றோர் போட்ட சத்தத்தில் கம்பெனிக்காரர்கள் அரண்டுபோய் பக்கத்திலேயே இன்னொரு கட்டிலைப் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குத் துணைக் கட்டில் என்று பெயர் வந்தது. எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் அந்தக் கட்டிலால் நடந்தது.

என் பெயர் கவின்மதி. ஊர் பொள்ளாச்சி. அம்மாவின் பெயர் தர்ஷினி. அம்மா வயதுக்காரர்களின் பெயர்களெல்லாம் இப்படித்தான், பாதித் தெரு தர்ஷினி, மீதித் தெரு வர்ஷினி. தேங்காய் நார்க்கழிவைக் கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஈரப்பதம் பார்ப்பது அம்மாவின் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அப்பா உரக்கடையில் இருக்கிறார். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடலாம்.

எனக்குப் பள்ளி முடியும் முன்பே தொழில் வந்துவிட்டது. தென்னையில் ஏறிக் காய் பறிக்கும் இயந்திரத்தை எங்கள் பக்கம் மரமேறி என்போம். அது பாதி மரத்தில் மக்கர் செய்து நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவில் பட்டம் வாங்கியவர்கள் ஒன்பது பேர். அவர்களில் நான்கு பேர் எந்த வேலைக்குப் படித்தார்களோ, படித்து முடிப்பதற்குள் அந்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. இரண்டு பேர் மரமேறி வாடகைக்கு ஓட்டுகிறார்கள், பழுதானால் என்னிடம் வருகிறார்கள். இந்த அழகில் நான் வேறு போய்ப் படிக்க வேண்டுமாம்.

அம்மா பதினெட்டு வருடமாகச் சேர்த்த பணம் ஒன்று இருந்தது. நான்கு வருடப் படிப்புக்கு அது சரியாக வரும். புதிதாக இரண்டு மரமேறி வாங்கவும் சரியாக வரும். இரண்டு மாதம் வீட்டில் ஒரே சண்டை.

"ரெண்டு மெசினு ரெண்டே வருசத்துல நாலாகும்மா. பட்டம் நாலு வருசங் கழிச்சும் ஒரு காயிதந்தான்."

"காயிதம் இல்லாம நான் இருக்கறனே, பாக்கறயல்ல? மீட்டரப் புடிச்சு ஈரம் பாக்கறது நானு. கீழ கையெழுத்துப் போடறது நேத்து வந்த ஒரு பட்டதாரி. நான் பாத்தது சரியா தப்பான்னுகூட அந்தாளுக்குத் தெரியாது. எனக்கு அது போதாதா கண்ணு?"

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். முன்கனவு பார்த்துவிடுவோம், அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கக்கூடாது.

கோயம்புத்தூரில் அந்த நிலையம் ஒரு பழைய நகைக்கடைக் கட்டடத்தில் இருந்தது. ரெஜினா என்று ஓர் அம்மாள் எங்களுக்கு விளக்கினார். ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்திருந்தது.

"நாலு வருஷக் காலேஜை நாப்பது நிமிஷத்துல வாழ்ந்துட்டு வருவீங்க. முதல் நாள்லருந்து பட்டமளிப்பு வரைக்கும். எழுந்ததும் படிச்ச பாடம் மண்டையில நிக்காது. மனசு பட்டது மட்டும் நிக்கும். அத வச்சு இந்தப் படிப்பு உங்களுக்கு வேணுமா வேண்டாமான்னு மெஷினே ஒரு மதிப்பீடு குடுக்கும்."

"கூட வாரவங்க என்னுங்க பண்றது?" என்றாள் அம்மா.

"உங்களுக்கும் அங்க ஒரு வேஷம் உண்டு. வாட்ச்மேன், மெஸ் சமையல்காரம்மா, பஸ் டிரைவர், இப்படி. போன வாரம் ஒரு அப்பா நாலு வருஷமும் காலேஜ் வாசல்ல வாழைப்பழம் வித்தாரு. ஆனா உள்ள போயிட்டா அது தன் பொண்ணுன்னு தெரியாது. பேரும் மாறிடும், வீட்டு நினைப்பும் வராது. எழுந்த பிறகுதான், 'அட, தினம் கடன் சொல்லிட்டுப் போன வாயாடி நம்ம பொண்ணா'ன்னு புரிஞ்சுதாம்."

அம்மா சிரித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள், சத்தம் வெளியே வராது.

படிவங்கள் வந்தன. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் படிவம் எல்லாவற்றையும் நிரப்பியது அம்மாதான். உதவித்தொகை, பஸ் பாஸ், தேர்வு விண்ணப்பம் என்று எது வந்தாலும் என்னிடமிருந்து பிடுங்கி, கட்டம் கட்டமாக எழுதுவாள். கை தானாக ஓடும். அன்றைக்கும் இரண்டு படிவத்தையும் அவளே வாங்கி நிரப்பினாள். 'பங்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. தன் படிவத்தில் 'துணை' என்பதில் அடிக்க வேண்டியவள் இரண்டிலும் 'மாணவர்' என்பதில் டிக் அடித்தாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். அவளும் கவனிக்கவில்லை, நானும் பார்க்கவில்லை, ரெஜினாவும் பார்க்கவில்லை.

படுத்தோம். அம்மா பக்கத்துக் கட்டிலிலிருந்து கை நீட்டி என் போர்வையைச் சரிசெய்தாள். அப்புறம் விளக்கு மெல்ல மங்கியது.

அங்கே நான் நிலா.

மலைச்சரிவில் ஒரு கல்லூரி. கீழே ஏரி. எந்நேரமும் மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருக்கும். விடுதியில் பதினாறாம் எண் அறை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது ஜன்னலோரக் கட்டிலில் ஒருத்தி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு, புதுச் செருப்பு கடித்த காலோடு இருந்தாள்.

"நான் மேனகா. ஜன்னல் எனக்கு. வேணும்னா மழை பேயறப்போ உனக்கு."

நாட்கள் அங்கே வரிசையாக வரவில்லை. ஒரு காலைப்பொழுது நீண்டுகொண்டே போகும், அதன் நடுவில் ஒரு தேர்வு வந்து போய்விடும். மாடிப்படியில் ஏறத் தொடங்கும்போது முதலாம் ஆண்டு, மேலே போய்ச் சேரும்போது இரண்டாம் ஆண்டு. ஆனால் எதுவும் அவசரமாக இல்லை. வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்குவது மாதிரி எல்லாம் நிதானமாக நடந்தது.

படிப்பு நீரியல். மண்ணுக்கு அடியில் நீர் எங்கே இருக்கிறது, எங்கே ஓடுகிறது என்ற படிப்பு. எனக்கு ஒட்டவே இல்லை. வகுப்பில் கொட்டாவி விடுவேன். விடுதியில் எந்த மின்விசிறி நின்றாலும், எந்தத் துணி துவைக்கும் இயந்திரம் அழுதாலும் ஓடிப்போய்ப் பிரித்துப் போடுவேன். அந்த நேரத்தில் மட்டும் தூக்கம் தெளியும்.

மேனகா நேர்மாறு. அவள் படிப்பதைப் பார்த்தால் பசித்தவள் சாப்பிடுவது போலிருக்கும். ஒருமுறை பாறைகளைப் பார்க்க மலைக்கு அந்தப்பக்கம் கூட்டிப்போனார்கள். களிமண் இறுகிய களிக்கல்லா வேறு கல்லா என்று தெரிய நாக்கில் வைத்துப் பார்க்கலாம், களிக்கல் என்றால் ஒட்டும் என்றார் பேராசிரியர். எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். இவள் ஒரு கல்லை எடுத்துத் துடைத்து நாக்கை நீட்டி ஒட்டினாள்.

"ஒட்டுதுடி! நாக்கப் புடிச்சு இழுக்குதுடி நிலா!" என்று அத்தனை பேர் நடுவில் குதித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

அவளிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று, அவள் சாப்பிடும் விதம். மெஸ்ஸில் முதல் ஆளாகப் போய் உட்காருவாள். சுடச்சுட வாங்கி, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வாயாக. "எவ்வளவு சூடா இருக்குது பாருடி" என்று தினமும் சொல்வாள். சோறு சூடாக இருப்பதில் என்ன அதிசயம் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் ஆண்டில் இரண்டு தாளில் தோற்றேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து அழுதேன். மேனகா பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"எனக்கு இந்தப் படிப்புல ஆசையே இல்லடி. வேற யாரோ ஆசப்பட்டு என்னய இங்க அனுப்பிச்சிருக்கறாங்க. யாருன்னு நெனச்சுப் பாத்தா ஞாவகம் வரமாட்டீங்குது."

"ஆசப்பட்டவங்களையே வந்து படிக்கச் சொல்லு. உன்ன எதுக்கு அனுப்பறாங்க?" என்றாள் அவள் கோபமாக. முகம் தெரியாத அந்த ஆள்மேல் எனக்காக அவளுக்கு அத்தனை கோபம். அந்தக் கணத்தில் உலகத்திலேயே எனக்கு அவளைத்தான் அதிகம் பிடித்தது. என் மனதில் இருந்ததை முழுக்கச் சொன்னேன். அவளும் சொன்னாள். படிப்பு முடிந்தால் எங்கே போவாய் என்று கேட்டேன்.

"எங்கயும் போகோணும்னு இல்ல. வீடுன்னு எங்கயாச்சும் இருக்கும். அதப்பத்தி நெனப்பே வரல. வராம இருக்கறதே நல்லா இருக்குது."

பட்டமளிப்பு நாளில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். என் பெயரைக் கூப்பிடவில்லை. அவள் கறுப்பு அங்கியோடு மேடையில் நின்று கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் கை தூக்கினேன். அவள் பார்ப்பதற்குள் வெளிச்சம் வெள்ளையாகப் பெருகி எல்லாவற்றையும் மூடியது.

கண் திறந்தால் பழைய நகைக்கடையின் கூரை. என் கன்னம் நனைந்திருந்தது. மேனகா எங்கே என்று பக்கத்தில் திரும்பினேன். துணைக் கட்டிலில் அம்மா விழித்துக்கொண்டு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இவள் யார் என்ற பார்வை அது. ஒரு நொடிதான்.

அடுத்த நொடி அம்மா வாயைக் கையால் பொத்தினாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. மேனகா யார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மதிப்பீட்டுத் தாள்களை எடுத்து வந்த ரெஜினா அவற்றைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "ரெண்டு பேரையும் மாணவரா போட்டிருக்கு. ஐயோ, இது எப்படி..." என்றவர் குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா, என் வேலை போயிடும். துணைக் கட்டிலுக்கு மதிப்பீடு வரவே கூடாது. வந்திருக்கு." இரண்டு தாள்களையும் என் கையில் கொடுத்தார். எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம் என்று இயந்திரம் அடித்துச் சொல்லியிருந்தது. அம்மாவுக்கு அது போட்டிருந்த அளவு உயர்ந்த மதிப்பெண்ணைத் தான் இதுவரை யாருக்கும் பார்த்ததில்லை என்றார் ரெஜினா.

உக்கடத்தில் பஸ் ஏறினோம். கிணத்துக்கடவு வரைக்கும் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "நீயே செயிச்சுட்ட. மெசினு வாங்கிக்கோ" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் பார்க்கவே கூச்சப்பட்டோம். என் தோழியை இழந்துவிட்டேன் என்று இருந்தது எனக்கு. ஆனால் அவள் அடுப்படியில் நின்றுகொண்டு எனக்கும் அப்பாவுக்கும் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் எழுந்த பிறகு ஆறிப்போன ஒன்றை நின்றபடியே பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். பதினெட்டு வருடமாக அதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் பார்த்ததில்லை.

"நீ போய்ப் படிம்மா" என்றேன்.

கரண்டி நின்றது. "கிறுக்குப் புடிச்சுருச்சா உனக்கு? நாப்பத்தொரு வயசு."

"காலேஜெல்லாம் பாதி காலியாக் கெடக்குது. வயசு யாரு கேக்கறாங்க? ஆசப்பட்டவங்களையே வந்து படிக்கச் சொல்லுன்னு ஏரிக்கரைல யாரு சொன்னது?"

"அது நானில்ல."

"பின்ன யாரு?"

அடுப்பை அணைத்துவிட்டு அம்மா தரையில் உட்கார்ந்தாள். அழத் தொடங்கினாள். "நாலு வருசம் கண்ணு. நாலு வருசம் ஒருநாகூட உன்ன நெனைக்கல. உங்கப்பன நெனைக்கல. நெனைக்காமயே அத்தன சந்தோசமா இருந்துட்டேன். பெத்தவ அப்படி இருக்கலாமா? மறுபடி போனா நான் அப்படியே ஆயிருவனோன்னு பயமா இருக்குது."

"என்னய எதுக்கு நெனைக்கோணும்? நாந்தான் பக்கத்துக் கட்டில்ல இருந்தேனே" என்றேன். இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். அப்பா வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னோம். "எனக்கு உப்புமா கிண்டத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அவருடைய அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் நிஜமான ஒரு கல்லூரியில் நீரியலில் அம்மாவைச் சேர்த்தோம். படிவத்தை நான் நிரப்பினேன். நாற்பத்தொன்று என்று பார்த்தும் அலுவலகத்தில் யாரும் தலை நிமிரவில்லை. இடம் நிரம்பினால் போதும் அவர்களுக்கு. சேர்த்த பணம் அந்தப் படிப்புக்குப் போனது, மரமேறிக் கனவை நான் மடித்து வைத்தேன். அது எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வாடகை இயந்திரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தோப்புத் தோப்பாகப் போகும்போதெல்லாம் வலித்தது.

மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம் அம்மா போனில் பேசினாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். என்ன ஆயிற்று என்று அரித்தெடுத்தேன்.

"இங்க எல்லாருக்கும் நான் அம்மாடி கண்ணு. ஒருத்திக்குக் காச்சலு, கஞ்சி வச்சுக் குடுத்தேன். ஒருத்திக்குத் தல பின்னி உட்டேன். 'நீங்க இருக்கறதால நிம்மதியா வீட்டுக்குப் போறேம்மா'ன்னு வார்டனே சொல்லறா. மெஸ்ல எல்லாம் சாப்பிட்டாங்களான்னு பாத்துட்டுக் கடைசியாத்தான் உக்காரறேன். யாரும் சொல்லாமயே நானா எந்திரிச்சுப் பரிமாறிப்போடறேன், என்ன பண்றது. பாடமெல்லாம் வருது. ஆனா ஒருத்தியும் பக்கத்துல வந்து, 'ஏய், இது எனக்கு வெளங்கல, சொல்லித்தா'ன்னு கேக்கமாட்டீங்கறா. அம்மாகிட்ட யாரு பாடங் கேப்பா? அந்த மெசினு பதினெட்டு வயசு குடுத்துச்சு. இவங்க குடுப்பாங்களா? உன்ற பணத்தையும் பாழாக்கிட்டேன். வந்துரட்டுமா கண்ணு?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

போகும் வழியெல்லாம் யோசித்தேன். இயந்திரம் எங்களை ஏமாற்றிவிட்டது. படிப்பு வேண்டுமா என்று கேட்டால் அது இளமையையும் சேர்த்துக் காட்டி விற்றுவிட்டது. நிஜத்தில் அதை எந்தக் கல்லூரி தரும்?

விடுதி மூன்று மாடி. முற்றத்தில் பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடியில் அம்மாவின் ஜன்னல் திறந்திருந்தது. நான் தூக்குப்பாத்திரத்தில் சாம்பார் சாதம் எதுவும் கொண்டு போகவில்லை. 'அம்மா' என்று கூப்பிட வாய் எடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். பிறகு தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏய் தர்ஷினி! இன்னும் என்னடி பண்ற அங்க? கீழ எறங்கி வாடி!"

முற்றமே உறைந்துபோனது. ஒரு பெண் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டாள். மேலே ஜன்னலில் அம்மாவின் தலை தெரிந்தது. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் தேடினாள். என்னைக் கண்டாள். அவள் முகத்தில் முதலில் பயம் வந்தது, பிறகு என்னவோ உடைந்தது, பிறகு கை வாய்க்குப் போனது, தோள் குலுங்கியது. இரண்டு இரண்டு படியாக அவள் இறங்கி வரும் சத்தம் கீழே கேட்டது.

"யாரும்மா இது?" என்று வாளிக்காரி கேட்டாள்.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு என் தோளில் கையைப் போட்டாள். "இவளா? என்ற பழைய ரூம்மேட்டு."

"அப்போ நாங்க உங்களை எப்படிக் கூப்பிடறது?"

"தர்ஷினின்னு கூப்பிடு. அதான அட்டெண்டென்ஸ்ல இருக்குது?"

அந்தப் பெண் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு வெட்கத்தோடு சத்தமாகவே சொன்னாள். நாளைக்கு மண்ணடுக்குத் தேர்வாம், தனக்கு ஒன்றுமே விளங்கவில்லையாம், சாயங்காலம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டாள். "வாடி, நானே பாதிதான் படிச்சிருக்கேன்" என்றாள் அம்மா.

நாங்கள் இருவரும் மலைப்பாதையில் நடந்தோம். எந்தக் கல்லுக்கு அடியில் தண்ணீர் நிற்கும், எதில் நழுவி ஓடிவிடும் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. காலேஜில் பாதி வாத்தியார்களைப் போலவே நடித்துக் காட்டினாள். மூன்று மணி நேரம் வயிறு வலிக்கச் சிரித்தோம். பஸ் வந்தது. அவள் கை அசைத்துவிட்டுத் தேர்வு ஞாபகம் வந்தவளாய்த் திரும்பி ஓடினாள்.

பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் கவனித்தேன். காலையில் கிளம்பியதிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவே இல்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவை. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு கடையில் உட்கார்ந்து, சூடாக இரண்டு பரோட்டா வாங்கித் தின்றேன்.